மாசி, பங்குனியில் மலைக்கு வராதீங்க

தை முடிந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் பக்கமிருந்துதான் அதிகம். "அண்ணே, குரங்கணி வரலாம்னு இருக்கோம். நாலு பேரு. ரெண்டு நாள் லீவு இருக்கு. இப்ப எப்படிண்ணே இருக்கு மலை?" என்று கேட்பார்கள். நான் இங்கே தோட்டம், மா, இலவம், கிணறு என்று எழுதுவதைப் படிக்கிறவர்கள்தான் பாதிப் பேர். நம்மை நம்பிக் கேட்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனாலும் என் பதில் ஒன்றுதான். "இப்ப வேண்டாம் தம்பி. மார்கழியில வாங்க, தையில வாங்க. மாசி, பங்குனியில மட்டும் மலைக்கு வராதீங்க."

சிலர் சரி என்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். "ஃபாரஸ்ட்காரங்கதான் அதைப் பூட்டு, இதைப் பூட்டுன்னு பூட்டுறாங்க, நீங்களுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. போனில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த மலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். போடிநாயக்கனூரிலிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டரில் குரங்கணி. வழியெல்லாம் மாந்தோப்பும் இலவ மரமுமாக இருக்கும். குரங்கணியில் சமவெளி முடிந்துவிடும். அங்கிருந்து மலை சுவர் மாதிரி எழும்பி, மேலே கொழுக்குமலையில் கிட்டத்தட்ட 8,000 அடியில் போய் நிற்கும். அங்கிட்டு இறங்கினால் மூணாறு. ஒரு காலத்தில் மூணாறு டீயெல்லாம் இந்த வழியாகத்தான் கீழே வந்தது. மூணாறிலிருந்து சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் வரும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கும். கீழே இறங்கும் இடத்துக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பேர். 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. பேர் மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கு நீங்கள் டிரெக்கிங் வருகிற தடங்கள் பலவும் தோட்டத் தொழிலாளிகளும் கழுதைக்காரர்களும் முதுவர்களும் நடந்து நடந்து போட்ட தடங்கள்தான்.

இந்தச் சரிவில் பெரிய மரக்காடு ஓடையோரமாகத்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் புல். சாதாரணப் புல் இல்லை. போதைப்புல், சுக்குநாறிப்புல் என்று சொல்லுவோம். ஆள் உயரம் வளரும், கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். அந்த வாசம் எண்ணெய். ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சைப்பசேலென்று நிற்கிற இதே புல், தை பனி முடிந்ததும் வெளுக்க ஆரம்பித்து, மாசி நடுவில் எண்ணெயில் ஊறப்போட்ட வைக்கோல் மாதிரி ஆகிவிடும். சித்திரையில் கோடைமழை இரண்டு விழுந்தால் மறுபடி துளிர்க்கும். இடையில் இருக்கிற அந்த இரண்டு மாதம்தான் கண்டம்.

வயலில் தோகை எரிவதைப் பார்த்திருப்பீர்கள். சமதரையில் தீ நடக்கும். நாமும் ஒதுங்கி நடந்துவிடலாம். மலைச்சரிவில் தீ ஓடும். காரணம் பெரிய ரகசியம் இல்லை. சூடு மேலேதான் போகும். சரிவில் கீழே எரிகிற தீயின் சூடு, மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்து வைக்கிறது. தீ போய்ச் சேரும்போது அது பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் சொல்கிற பொதுக்கணக்கு. இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். பொழுது சாய்ந்ததும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். காற்று திசை மாறுகிற அந்த நேரத்தில் தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று பழகின ஆளுக்கே பிடிபடாது. இரண்டு பக்கமும் மேடு உள்ள ஓடைப்பள்ளம் என்றால் புகைபோக்கி மாதிரிதான், உள்ளே மாட்டினவர்கள் வெளியே வருவது கஷ்டம்.

இதையெல்லாம் படிப்பாகச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்க் கணக்கில் மாசி மாதக் கடைசி. சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழுவும் முந்தின நாள் கொழுக்குமலை ஏறி, அன்றைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முப்பது பேருக்கு மேல். பாதி வழியில் தீ வந்தது. சிதறி ஓடினார்கள். 9 பேர் மலையிலேயே இறந்துபோனார்கள். தீக்காயத்தோடு மதுரை, சென்னை ஆஸ்பத்திரிகளுக்குப் போனவர்களில் ஒவ்வொருவராக இறந்து, கடைசியில் கணக்கு 23-ல் வந்து நின்றது. பெரும்பாலும் சின்ன வயசுப் பிள்ளைகள். கல்யாணமாகி சில மாதமே ஆனவர்களும் அதில் இருந்தார்கள்.

அன்றைக்கு முதலில் மேலே ஓடினது குரங்கணிக்காரர்களும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும்தான். போர்வையில் டோலி கட்டி, இருட்டில், தீ இன்னும் அணையாத சரிவில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள், அவர்களும் பெரிய வேலைதான் செய்தார்கள். ஆனால் அந்தத் தடம் இருட்டிலும் காலுக்குத் தெரிந்தது உள்ளூர்க்காரர்களுக்குத்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது.

போனவர்கள் மேல் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. அனுமதி டாப் ஸ்டேஷன் வழிக்குத்தான், கொழுக்குமலைக்கு இல்லை என்று வனத்துறை சொன்னது. விசாரணை நடந்தது, வழக்கு நடந்தது. அதெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் செய்தது ஒரு மலையை ஆசைப்பட்டுப் பார்க்க வந்தது மட்டும்தான். மாசி மாசத்துச் சுக்குநாறிப்புல்லைப் பற்றி அவர்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால், பாதிப் பேராவது வேறு மாதம் வந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் வாய் வலிக்கச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அரசாங்கம் 2018-லேயே மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஆரம்பித்து, 14 மாவட்டங்களில் 40 தடங்களை ஒழுங்குபடுத்தி, ஆன்லைனில் பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி என்று கொண்டுவந்தார்கள். 2025-ல் காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தடங்களை மூடினார்கள். எங்க கணக்கில் அச்சு அசலாக மாசியும் பங்குனியும். எனக்கு இதில் முழுச் சம்மதம். வனத்துறையோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. பன்றி தோட்டத்தை உழுதுவிட்டுப் போனதற்கு இழப்பீடு கேட்டு ஓய்ந்துபோனவன் நான். ஆனால் இந்த இரண்டு மாதப் பூட்டு சரியான பூட்டு.

"அப்ப நீங்க மட்டும் பங்குனியில மலைக்குப் போறீங்களே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். போகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆடு மேய்க்கிறவர் போகிறார், தோட்ட வேலைக்குப் பெண்கள் போகிறார்கள். ஆனால் எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். எங்க ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார், அறுபது வருடமாக இந்தச் சரிவில் ஆடு ஓட்டுகிறவர். வெள்ளனாப் போய்ப் பதினோரு மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுவார். எந்த வளைவில் பாறை இருக்கிறது, எந்த ஓடையில் பங்குனியிலும் தண்ணி நிற்கும், எந்த இடம் போன வருடம் எரிந்து இந்த வருடம் புல் கட்டையாக இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மூக்கில் புகை வாசம் பட்டதுமே ஆட்டை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று தெரியும். அதுவும் போகிறது ஒற்றை ஆள். முப்பது பேர், பாதிப் பேருக்கு மலை புதுசு, முதுகில் பை, ஒற்றையடிப் பாதை என்றால் அது வேறு கதை.

சரி, தீ யார் வைக்கிறார்கள்? இதை மறைக்காமல் பேசவேண்டும். எங்கள் பக்கம் மாசியில் இடிமின்னல் அபூர்வம். சித்திரையில் மின்னல் வந்தாலும் கூடவே மழையும் வந்துவிடும். அதனால் மலையில் தீ பிடித்தது என்றால், பெரும்பாலும் மனுஷன் கைதான். மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்று கதை சொல்லுவார்கள், அதை நான் நம்புவதில்லை. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைக்கிற மேய்ச்சல்காரர்கள் உண்டு. தோட்ட ஓரத்தில் குப்பையைக் கொளுத்திவிட்டு, அணைந்துவிட்டது என்று நினைத்துச் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. தேன் எடுக்கப் போகிறவர்கள் போடுகிற புகை உண்டு. அணைக்காமல் எறிகிற பீடி, சிகரெட் உண்டு. டெண்ட் போட்டு, கேம்ப் ஃபயர் போட்டு, பாட்டுப் பாடிவிட்டுக் காலையில் சாம்பலை மிதித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வெளியில் சாம்பலாகத் தெரிகிற அடுப்பு, உள்ளே கங்கு வைத்திருக்கும். பதினோரு மணிக் காற்றுக்கு அது கண் திறக்கும்.

ஆக, கிராமத்தான் நல்லவன், டவுன்காரன் கெட்டவன் என்று நான் சொல்லவரவில்லை. எங்க பக்கத்துத் தப்பை எங்க ஊர்க் கூட்டத்தில் பேசுகிறோம், பேசவேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. இங்கே உங்க பக்கம் இருக்கிறதை உங்களிடம் பேசுகிறேன், அவ்வளவுதான்.

காட்டுத்தீ என்றதும் டிவியில் யானையும் மானும் ஓடுகிற படம்தான் போடுவார்கள். ஓட முடிகிறது ஓடிவிடும். ஓட முடியாததைப் பற்றித்தான் நான் அதிகம் நினைப்பேன். மாசி, பங்குனி என்பது தரையில் முட்டையிடுகிற பறவைகளுக்கு முக்கியமான காலம். காட்டுக்கோழி, கவுதாரி எல்லாம் புல் அடியில்தான் கூடு வைக்கும். உடும்பு வளைக்குள் போகும், அழுங்கு பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதுகளுக்குத் தெரிந்த தற்காப்பு அவ்வளவுதான், தீயிடம் அது செல்லாது. எரிந்து முடிந்த சரிவில் நடந்தால் காலில் ஆமை ஓடு தட்டும். அதைப் பார்த்தவர்களுக்கு கேம்ப் ஃபயர் ஆசை போய்விடும்.

மேலே வரையாடு இருக்கிறது. நம்ம மாநில விலங்கு. 2024-ல் எடுத்த கணக்கில் தமிழ்நாடு முழுக்க 1,031 தான் இருந்தது. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் உட்காருகிற கூட்டம்தான் அது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. வரையாடு குட்டி போடுகிற காலம் என்று ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் அதை மூடிவிடுவார்கள். மூணாறு முழுக்கச் சுற்றுலாவை நம்பி இருக்கிற ஊர். ஆனாலும் "குட்டி போடுற சமயம், அப்புறமா வாங்க" என்றால் ஊரும் கேட்டுக்கொள்கிறது, வருகிறவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டமாகப் போய் நிற்போமா? அதே மரியாதைதான் இதுவும்.

தீ அணைந்த பிறகுதான் எங்களுக்கு ஆரம்பம். புல் எரிந்துவிட்டது, ஓடை வற்றிவிட்டது என்றால் காட்டுமாடு எங்கே போகும்? கீழேதான் வரும். பன்றியும் வரும். ராத்திரி தோப்பில் டார்ச் அடித்தால் கண்ணு கண்ணாக மின்னும். அதுகளைக் குறை சொல்லி என்ன செய்ய, அதுகளுக்கு வேறு வழி இல்லை. எங்களுக்கும் வேறு வழி இல்லை. மலையில் தீ விழுந்த வருடம் காவலுக்குப் படுக்கிற ராத்திரிகள் கூடும் என்பதை எங்க பக்கத்தில் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லுவார்.

அடுத்தது தண்ணீர். கொட்டகுடி ஆறு இந்த மலையில்தான் பிறக்கிறது. போடியைத் தொட்டு, தேனிப் பக்கம் போய் வைகையில் சேர்கிறது. மதுரைக்காரர்கள் குடிக்கிற வைகைத் தண்ணீரில் இந்தச் சரிவின் மழையும் கலந்திருக்கிறது. மேலே இருக்கிற புல்வெளியும் ஓடையோரச் சோலையும் சேர்ந்து பஞ்சு மாதிரி மழையைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடும். எரிந்து மொட்டையான சரிவில் அடுத்த மழை விழுந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது. கறுப்பாகச் சாம்பலும் மேல்மண்ணும் கலந்து ஒரே நாளில் இறங்கிப் போய்விடும். பிறகு ஆறு மாதம் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மலைத்தீ எனக்கு வேடிக்கைச் செய்தியாக இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். அது என் கிணற்று விஷயம்.

அப்படியானால் காட்டில் தீயே கூடாதா? இங்கேதான் படித்தவர்கள் பலர் ஒரு முனையிலும், எங்க ஊர்ப் பெரியவர்கள் மறு முனையிலும் நிற்கிறார்கள். நான் பெரியவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவன். கர்நாடகாவில் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் 'தரகு பெங்கி' என்று ஒரு வழக்கம் இருந்தது. தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் தீ. கோடை முற்றுவதற்கு முன்னாலேயே, சருகு லேசாக இருக்கும்போதே, இடம் பார்த்து, சின்னதாக எரித்துவிடுவார்கள். அது முழங்கால் உயரத்தில் ஊர்ந்து போய் அணைந்துவிடும். மரம் தப்பிக்கும், பெரிய தீக்குத் தீனி இருக்காது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. சருகு சேர்ந்தது, உண்ணிச்செடி புதர் புதராக ஏறியது. இப்போது தீ விழுந்தால் அந்தப் புதரைப் பிடித்து மரத்தின் தலைக்கே போகிறது என்று சோளகர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சி செய்தவர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் சில நாட்களிலேயே 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்ததைப் பார்த்தோமே. இரவிகுளத்திலும் முதுவர்களைக் கூட வைத்துக்கொண்டு புல்வெளியைத் திட்டுத் திட்டாக எரித்துவிடுகிற பழக்கம் உண்டு.

தீயைத் தெரிந்தவன் கையில், சரியான மாதத்தில், சின்ன அளவில் இருந்தால் அது விவசாயம் மாதிரி ஒரு வேலை. தெரியாதவன் கையில் மாசியில் விழுந்தால் கொலை. ஆகவே நான் கேட்கிறது, மலையைத் தெரிந்தவர்களுக்கு மலையில் வருடம் முழுக்க வேலையும் மரியாதையும் கொடுங்கள் என்பதுதான்.

எங்க ஊர்த் தம்பி ஒருத்தர் கோடைக்கு மட்டும் தீக்காவல் வேலைக்குப் போகிறார். தையில் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போவார்கள். சரிவில் பட்டையாகப் புல்லை வெட்டி, எரித்து, மண் தெரிகிற மாதிரி சுத்தமாக்கி வைப்பது. தீ அந்த இடத்துக்கு வந்தால் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். அது வெட்டிய வருடத்துக்கும் வெட்டாத வருடத்துக்கும் வித்தியாசம் கீழே இருந்தே தெரியும். தீ விழுந்தால் அவர்கள் கையில் இருக்கிறது பச்சைக் கொப்பு, அரிவாள், தண்ணிக் கேன். சாட்டிலைட் தீயைக் கண்டுபிடித்து அதிகாரிக்கு மெசேஜ் அனுப்பிவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அந்த மெசேஜைப் படித்துவிட்டு மூணு மணி நேரம் மலை ஏறிப் போய்க் கொப்பால் அடிக்கிறது இந்தத் தம்பிதான். சித்திரை மழை வந்ததும் அவருக்கு வேலை முடிந்துவிடும். மறுபடி கூலிக்கு வருவார். "நிரந்தரம் ஆகுமாப்பா?" என்று கேட்டேன். "அது தெரியாதுண்ணே, தீ வந்தா மட்டும் என் ஞாபகம் வரும்" என்றார்.

2018-ல் இருட்டில் டோலி தூக்கினவர்களைப் பற்றி மேலே சொன்னேன் இல்லையா, அதற்குத்தான் வருகிறேன். டிரெக்கிங் கட்டணத்தில், நுழைவுக் கட்டணத்தில், ஜீப்புக் கட்டணத்தில் மலைக்கு வருகிற பணம் இந்தக் கைகளுக்குப் போய்ச் சேரவேண்டும். மார்கழி, தையில் வழிகாட்டி, தைக் கடைசியில் தீத்தடுப்புக் கோடு, மாசி, பங்குனியில் தீக்காவல், மழைக்குப் பிறகு உண்ணிச்செடி பிடுங்கித் தடம் சீர் செய்வது என்று வருடம் முழுக்க அவர்களுக்கு வேலை இருக்கிறது. சம்பளம்தான் வருடம் முழுக்க இல்லை. "ரெண்டு மாசம் மூடினால் உள்ளூர்க்காரன் வருமானம் போகுமே" என்று அக்கறையாகக் கேட்கிற நண்பர்களுக்கு என் பதில் இதுதான். அந்த இரண்டு மாதம் காவலுக்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லி நீங்களும் சேர்ந்து கேளுங்கள். உங்க குரல் சென்னையில் கேட்கும், எங்க குரல் போடி தாண்டாது.

இப்போது வருகிறவர்களுக்குச் சில விஷயம். இதைப் படித்துவிட்டு யாரும் மலைக்கே வராமல் இருந்துவிடாதீங்க. மலையைப் பார்க்காதவன் மலைக்காகப் பேசமாட்டான்.

மார்கழி, தை நல்ல காலம். மழை விட்டிருக்கும், புல் பச்சையாக இருக்கும், பள்ளத்தில் மேகம் கிடக்கும். பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு வாங்க. அவர் "இங்க நில்லுங்க" என்றால் நில்லுங்க, "திரும்புவோம்" என்றால் திரும்புங்க. காசு கொடுத்திருக்கிறோமே என்று அவரிடம் மல்லுக்கட்டாதீங்க. அனுமதி இல்லாத குறுக்குத் தடத்தை யூடியூபில் பார்த்துவிட்டு வராதீங்க. சூரியநெல்லி வழியாக ஜீப்பில் கொழுக்குமலை விடியல் பார்க்க வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஜீப் நிற்கிற இடத்தில்தான் புல்லும் நிற்கிறது.

எந்த மாதமாக இருந்தாலும் மலையில் அடுப்பு வேண்டாம், சிகரெட் வேண்டாம். நைலான், பாலியஸ்டர் துணி வேண்டாம், பருத்தி போடுங்க. தீயில் அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒருவேளை தீயில் மாட்டினால், மேலே ஓடாதீங்க. இதை உங்க பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்க. பயத்தில் கால் மேட்டுப் பக்கம்தான் ஓடும், தீ அதைவிட வெரசா ஏறும். பக்கவாட்டில் விலகுங்க. பாறை, ஓடை, வெறுந்தரை எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போங்க. ஏற்கெனவே எரிந்து கறுத்துப்போன இடம் பத்திரமான இடம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அங்கே மறுபடி எரிய ஒன்றும் இல்லை. உயரப் புல்லுக்குள்ளும் ஓடைப் பள்ளத்தின் கழுத்திலும் ஒளியாதீங்க. தண்ணி இருந்தால் துணியை நனைத்து மூக்கை மூடிக்கொண்டு தரையோடு தரையாகப் படுங்க. புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும்.

கீழே சாலையில் போகும்போது மலையில் புகை தெரிந்தால் போட்டோ எடுத்துப் போடுவதற்கு முன்னால், பக்கத்துக் கடையிலோ செக்போஸ்ட்டிலோ ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்த மலை, எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. 2018-ல் அந்தத் தீ நடந்த சில மாதத்திலேயே, அதே வருடம், இந்த மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருடம் வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்து, விதை போட்டுவிட்டுச் செத்துப்போகிற செடி அது. அடுத்த பூப்பு 2030. இப்போது சரிவில் நிற்கிறது அன்றைக்கு விழுந்த விதையில் முளைத்த செடிகள். நடுவில் எந்த மாசியில் தீ விழுந்து செடி கருகினாலும், அந்த இடத்தில் 2030-ல் பூ இருக்காது, விதையும் இருக்காது. 2030 ஆடி, ஆவணி, புரட்டாசியில் நீங்க எல்லோரும் வருவீங்க என்று எனக்குத் தெரியும். குடும்பத்தோடு வாங்க. வழியில் நம்ம தோப்பில் இறங்கி மோர் குடித்துவிட்டுப் போகலாம். அதுவரைக்கும் வருடத்தில் இரண்டு மாதம் மலையைத் தனியாக விட்டுவிடுங்க.